ஓர் இடத்தில் உட்காராத தேன்மொழி

அன்று என் இடது காலில் செருப்பு இல்லை. அந்த நாளை நினைத்தால் முதலில் ஞாபகத்துக்கு வருவது அதுதான். ஒரு காலில் செருப்பும், இன்னொரு காலில் சுடுகிற தாருமாக பெங்களூர் ரோட்டின் நடுவில் நான் நின்றது.

காலாண்டு லீவு முடிந்து பள்ளி திறந்த வாரம். மூன்றாவது பீரியட், நாலாம் வகுப்புக்குக் கணக்கு. கரும்பலகையில் ஒரு வகுத்தல் கணக்கை எழுதிவிட்டுத் திரும்புகிறேன், இரண்டாவது பெஞ்சின் ஓரம் காலியாக இருக்கிறது.

"தேன்மொழி எங்க?"

வகுப்பு முழுக்க ஒரே நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே கை காட்டியது.

தண்ணீர் கேன் இறக்க வந்த டெம்போவுக்காக கேட்டைத் திறந்துவைத்திருந்தார்கள். அந்த இடைவெளி அவளுக்குப் போதும். நான் ஓடினேன். பள்ளி வாசலிலேயே ஒரு செருப்பு கழன்றது. எடுக்க நேரமில்லை.

ஆம்பூரில் அந்தச் சாலையைத் தெரிந்தவர்களுக்கு என் ஓட்டம் புரியும். லாரி, கன்டெய்னர், ஷூ கம்பெனி பஸ், இவற்றுக்கு நடுவே எதிர்த்திசையில் தைரியமாக வருகிற டூவீலர். சாலைக்கு அந்தப் பக்கம் ஒரு தோல் ஷெட். முற்றத்தில் மரக் கழிகளின் மேல் ஈரத் தோல்களைப் போட்டிருந்தார்கள். அவற்றின் நடுவே, இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்த அதிகாரி மாதிரி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள் தேன்மொழி.

ரப்பர் பூட்ஸ் போட்ட ஒரு பாய் என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டார்.

"உங்க ஸ்கூல் பாப்பாவா டீச்சர்? வந்ததுலேர்ந்து கேள்வி கேட்டு பேஜார் பண்ணுது. தோலு ஏன் நீலமா இருக்குதுன்னு கேக்குது. இருபது வருஷமா இங்க வேலை செய்றேன், நான் ஒரு நாளும் கேட்டதில்ல."

தேன்மொழி என்னைப் பார்த்துப் பயப்படவில்லை. முகமெல்லாம் சந்தோஷம். "டீச்சர், இது ஆடு டீச்சர்! ஆனா நீலம்!"

நான் அவள் மணிக்கட்டைப் பிடித்தேன்.

"இவ்ளோ பெரிய ரோட்ட எப்டிடி தாண்டின?"

அவள் நிஜமாகவே யோசித்தாள். திரும்பிச் சாலையைப் பார்த்தாள். அப்போதுதான் அங்கே ஒரு சாலை இருப்பதைக் கவனித்தவள் போல.

"தாண்டல டீச்சர். வந்துட்டேன்."

## மூன்று வரி வரைக்கும் முத்து முத்தாக

என் மாணவர்களைப் பற்றிய இந்தத் தொடரில் இதுவரை நான் எழுதியவர்கள் எல்லாம் ஏதோ ஒரு விதத்தில் எனக்குப் பெருமை சேர்த்தவர்கள். தேன்மொழி விஷயத்தில் முதலில் நான் சிறுமைப்பட்டேன். அதையும் எழுதிவிடுவதுதான் நியாயம்.

ஏழெட்டு வருஷம் இருக்கும். நான் வேலை பார்த்தது சாலையோரத்து உதவி பெறும் பள்ளி. காலையில் நான் கேட்டுக்குள் நுழையும்போது ஷூ கம்பெனி பஸ்கள் கடைசி நடை போய்க்கொண்டிருக்கும். தலையில் மல்லிகை, கழுத்தில் அடையாள அட்டை, மடியில் டிபன் பை என்று பெண்கள் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேரின் அம்மாக்கள் அந்தப் பஸ்களில்தான் இருந்தார்கள். பள்ளி வாசலைத் தாண்டும்போது எட்டிப் பார்த்துக் கையாட்டுவார்கள். பிள்ளைகளும் எந்தப் பஸ்ஸில் யார் அம்மா என்று தெரியாமலேயே எல்லாப் பஸ்ஸுக்கும் கையாட்டுவார்கள். ஓய்வு பெற்ற பிறகு நான் அதிகம் தேடுவது அந்தக் காலை நேரத்தைத்தான். தோல் ஷெட்டின் வாடைகூட அந்தக் காட்சியோடு சேர்ந்துதான் எனக்கு ஞாபகம் வருகிறது. வெளியூர்க்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்களுக்கு அது ஊரின் வாசனை.

தேன்மொழியின் அம்மா சுமதியும் அந்தப் பஸ்ஸில் போகிறவள்தான். ஷூவின் மேல்பாகம் தைக்கிற வரிசையில் மிஷின் ஓட்டினாள். அப்பா மூர்த்திக்கு மேல்விஷாரத்தில் ஒரு தோல் ஷெட்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். ஒரே பெண்.

தேன்மொழியின் நோட்டுகளைப் பார்த்தால் இரண்டு பேர் எழுதியது போல இருக்கும். முதல் மூன்று வரி முத்து முத்தாக. நாலாவது வரியில் எழுத்து சாய ஆரம்பிக்கும். ஆறாவது வரி வயலில் இறங்கிய ஆடு மாதிரி எங்கேயோ போய்விடும். அதற்குக் கீழே ஒரு பஸ் படம்.

கேள்வியை நான் முடிப்பதற்குள் பதில் சொல்லிவிடுவாள். பாதி நேரம் சரியான பதில். பக்கத்தில் இருப்பவளின் ரப்பரை எடுப்பாள், ஜன்னலுக்குப் போவாள், திரும்ப வரும் வழியில் நாலு பேர் பென்சில் கீழே விழும். அரை வருஷத்தில் தண்ணீர் பாட்டில் மூன்று தொலைத்தாள். யார் அழுதாலும் முதலில் போய் நிற்பவளும் அவள்தான். ஆனால் அதை எங்கள் புகார்ப் பட்டியலில் யார் எழுதினோம்?

ஆமாம், புகார்தான். வாரம் இரண்டு முறையாவது கம்பெனிக்குப் போன் போகும். சுமதி பர்மிஷன் போட்டுவிட்டு ஓடி வருவாள். நாங்கள் வாயைத் திறக்கும் முன்பே சொல்வாள்: "நேத்தே அடிச்சுட்டேன் டீச்சர். இன்னிக்கும் அடிக்கிறேன். ஸ்கூல விட்டு மட்டும் அனுப்பிடாதீங்க."

அவள் பயந்தது அன்று நடந்தது. பெங்களூர் ரோட்டிலிருந்து நான் அவளைக் கூட்டி வந்ததும் தலைமையாசிரியர் செல்வராஜ் சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர். அன்று அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"டீச்சர், நாளைக்கு லாரியில அடிபட்டுச்சுன்னா யார் பதில் சொல்றது? அவங்கம்மாவ கூப்ட்டு டிசி வாங்கிக்கச் சொல்லிடலாம். ரோட்டுலேர்ந்து தள்ளி இருக்கிற ஸ்கூலாப் பாத்துச் சேத்துக்கட்டும்."

"அரையாண்டு வரைக்கும் டைம் குடுங்க சார்."

"அதுவரைக்கும் நீங்க அவ கையப் புடிச்சிக்கினே பாடம் நடத்துவீங்களா?"

'சரி சார்' என்று மட்டும் நான் சொல்லவில்லை.

## சிஸ்டர் பார்த்த பார்வை

வருஷத்துக்கு இரண்டு முறை பள்ளிக்கு ஒரு மருத்துவக் குழு வரும். உயரம், எடை, பல், கண், ரத்த சோகை எல்லாம் பார்ப்பார்கள். பிள்ளைகள் ஊசி என்று நினைத்து அழுவார்கள், பூச்சி மாத்திரை என்றதும் சிரிப்பார்கள். அந்த வருஷம் குழுவில் ரெஜினா சிஸ்டர் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும், குரல் மட்டும் ஊருக்கே கேட்கும்.

எடை மிஷின் மேல் தேன்மொழி குதித்த வேகத்தில் முள் நிற்கவே இல்லை. சிஸ்டர் திட்டவில்லை. "சரி, குதிச்சு முடி. அப்புறம் பாக்கலாம்" என்று காத்திருந்தார். அந்த ஒரு நிமிஷத்தைப் பார்த்துத்தான் எனக்கு வாய் திறக்கத் தைரியம் வந்தது. வராந்தாவில் அவரை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னேன், சாலையைத் தாண்டியது வரை.

"வீட்லயும் இப்டித்தானா?"

"அவங்கம்மா பாத்திரம் கழுவி முடிக்கிறதுக்குள்ள தெருவுல நாலு வீட்டுக்குப் போய்ட்டு வந்துடுவாளாம்."

"ஒண்ணாவதுலேர்ந்தா?"

"ஆமா."

சிஸ்டர் தேன்மொழி இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். "இது திமிரு இல்ல டீச்சர். வளர்ப்பும் இல்ல. இன்னான்னு நான் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்லணும். முதல்ல கண்ணு காது பாத்துடுவோம். அப்புறம் வேலூர்ல குழந்தைங்க பிரிவுக்கு எழுதித் தர்றேன். ஆனா ஒண்ணு. அந்தம்மாவ தனியா அனுப்பாதீங்க. நீங்களும் போங்க."

"நான் எதுக்கு?"

"க்ளாஸ்ல அவ எப்டி இருக்கான்னு அந்தம்மாவுக்கு எப்டித் தெரியும்? மிஷின் முன்னாடியில்ல உக்காந்திருக்காங்க!"

## பெயர் எழுதாத படிவம்

ஒரு சனிக்கிழமை மூவரும் வேலூர் பஸ் ஏறினோம். பள்ளிகொண்டா வருவதற்குள் தேன்மொழி நாலு சீட் மாறினாள். கண்டக்டரின் விசிலைக் கேட்டு வாங்கி ஒரு முறை ஊதியும் விட்டாள். சுமதி அவள் பாவாடை நுனியைக் கையில் சுற்றிப் பிடித்தபடியே வந்தாள்.

"டீச்சர், பைத்தியம்னு சொல்லிடுவாங்களா?"

"சேச்சே."

"எங்க தெருவுல அப்டித்தான் சொல்றாங்க. தாயத்து கட்டினேன். ஒரே நாள்ல அவுத்துப் பிரிச்சி உள்ள இன்னா இருக்குன்னு பாத்துட்டா."

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்புக்கு நடுவிலேயே அவள் அழுதாள்.

டாக்டர் மாலதி என்னைவிடச் சின்னவர். தேன்மொழியைக் கீழே பொம்மைகளோடு விளையாட விட்டுவிட்டு எங்களிடம் பேசினார். முதலில் சுமதியிடம், பிறகு என்னிடம், நிதானமாக. நான் டீச்சர் என்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டீச்சரே கூட வர்றது ரொம்ப அபூர்வம்" என்றார்.

அன்றே எதையும் முடிவு செய்யவில்லை. இரண்டு படிவங்கள் கொடுத்தார். ஒன்று வீட்டுக்கு, ஒன்று பள்ளிக்கு. இரண்டு வாரம் கவனித்துவிட்டு நிரப்ப வேண்டும்.

அந்தப் படிவத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் வைத்து நிரப்பினேன். இடத்தில் உட்கார முடியாமல் எழுந்து போகிறதா? முறை வரும்வரை காத்திருக்க முடிகிறதா? பொருள்களைத் தொலைக்கிறதா? எதிரே நின்று பேசினாலும் காதில் விழாதது போல இருக்கிறதா? ஒவ்வொன்றாக டிக் போட்டுக்கொண்டே வந்தேன். பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். நான் டிக் போட்டது தேன்மொழிக்கு மட்டும் இல்லை என்று அப்போதுதான் தெரிந்தது.

என் தம்பி சேகர்.

ஆற்காட்டில் நாங்கள் படித்த பள்ளியில் அவன் என்னைவிட இரண்டு வகுப்புக் கீழே. "உன் தம்பி இன்னிக்கு இன்னா பண்ணான் தெரியுமா?" என்று வாத்தியார்கள் என்னைத்தான் கூப்பிட்டுச் சொல்வார்கள். நான் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை குறையாமல் அப்பாவிடம் ஒப்பிப்பேன். அப்பா பெல்ட்டை எடுப்பார். கொடிக்கம்பத்தடியில், வெயிலில், முட்டி போட்டபடி சேகர் இருந்த நாட்கள் எத்தனை என்று எனக்குத் தெரியாது. அந்த வழியாகப் போகும்போது நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன், அவமானம் என்று. எட்டாவதோடு அவன் படிப்பை நிறுத்தினான். இன்று சொந்தமாக லோடு வண்டி ஓட்டுகிறான், நன்றாக இருக்கிறான். ஆனால் இன்று வரை எந்தப் பள்ளிக்கூட வாசலிலும் அவன் வண்டியை நிறுத்தியதில்லை. தன் பிள்ளைகளின் பள்ளிக்கும் மனைவியைத்தான் அனுப்பினான்.

அவனுக்குப் போன் செய்தேன்.

"டேய், ஸ்கூல்ல உன்ன முட்டி போட வெப்பாங்களே. அது உன் தப்பு இல்லடா."

அந்தப் பக்கம் ஹாரன் சத்தம். "இன்னாக்கா திடீர்னு? எனக்கு வயசு அம்பது ஆவுது."

"தெரியும். இருந்தாலும் சொல்றேன். நானும் போய்ப் போய் அப்பாகிட்ட சொன்னேன் பாரு. அது என் தப்பு."

வண்டியை ஓரம் கட்டியிருப்பான் போலிருக்கிறது, ஹாரன் சத்தம் நின்றிருந்தது.

"அப்பா இருக்கும்போது சொல்லியிருக்கலாம்க்கா" என்றான். பிறகு, "சாப்ட்டியா?" என்று கேட்டான்.

## ஐந்து நாற்காலிகள்

மூன்றாவது முறை போனபோது டாக்டர் சொன்னார். ஏ.டி.எச்.டி. கவனத்தை ஓர் இடத்தில் நிறுத்துவதிலும், உடம்பின் வேகத்தை அடக்குவதிலும் சில பிள்ளைகளுக்கு வருகிற சிரமம். சுமதிக்குப் புரியும்படி அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"உங்க பொண்ணு எதையும் கேக்க மாட்டேங்கறான்னு எல்லாரும் சொல்றாங்க இல்லியா? அவ எல்லாத்தையும் கேக்கறாம்மா. ஃபேன் சத்தம், வெளிய போற லாரி, பக்கத்து க்ளாஸ் பாட்டு, டீச்சர் குரல், எல்லாம். எதை விடறதுன்னுதான் அவளுக்குத் தெரியல."

பிறகு என்னைப் பார்த்தார். "எங்கிட்ட அவ இருக்கறது அரை மணி நேரம். உங்ககிட்டதான் பகல் முழுக்க. நாங்க மட்டும் பண்ண முடியாது டீச்சர்."

இதைப் போய் செல்வராஜ் சாரிடம் சொன்னேன். "ஸ்கூல ஆஸ்பத்திரி ஆக்கப் பாக்கறீங்க" என்றார். அரையாண்டுத் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. டிசி பேச்சு அப்படியே நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து ஜோதி என்ற பயிற்சியாளர் பள்ளிக்கு வந்தார். குழந்தைகளின் அன்றாடக் காரியங்களுக்குப் பயிற்சி தருவது அவர் வேலை. காலை முழுக்கக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் வகுப்பைப் பார்த்தார். மத்தியானம் தலைமையாசிரியர் அறையில் ஐந்து நாற்காலி போட்டோம். சார், நான், ஜோதி, ரெஜினா சிஸ்டர், சுமதி. சுமதி மட்டும் உட்காரவே இல்லை.

"நான் நல்லா அடிச்சிருக்கேன் சார்..." என்று ஆரம்பித்தாள்.

ஜோதி அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தார். "இன்னிக்கு அது வேணாம்மா. நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். தேன்மொழி நல்லா செய்றது இன்னா? ஆளுக்கு ஒண்ணு சொல்லுங்க."

பெற்ற தாய் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருஷமாகத் தேன்மொழியைத் தெரிந்த எனக்கும் நாக்கு எழவில்லை. புகார் கேட்டிருந்தால் கொட்டியிருப்பேன்.

முதலில் பேசியது செல்வராஜ் சார்.

"போன ஐப்பசி மழையில..." என்று இழுத்தார். "சத்துணவு ரூம்ல அரிசி மூட்டை பக்கம் தண்ணி எறங்குச்சு. யாரும் பாக்கல. அந்தப் பொண்ணுதான் க்ளாஸ விட்டு ஓடியாந்து, 'சார், அரிசி நனையப் போவுது'ன்னு கத்துச்சு. க்ளாஸ விட்டு வந்ததுக்கு நான் திட்டினேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அரிசி நனையல."

அந்த அறையில் அதற்குப் பிறகு டிசி என்ற சொல்லை யாரும் எடுக்கவில்லை.

பேசி முடித்தபோது சில ஏற்பாடுகள் ஆகியிருந்தன. இரண்டாவது பெஞ்சிலிருந்து என் மேஜைக்கு நேர் முன்னால் வருவாள். இருபது கணக்கை மொத்தமாகக் கொடுக்காமல் ஐந்து ஐந்தாகக் கொடுப்பேன். உட்கார முடியாதபோது பின் சுவரோரம் ஓர் உயர மேஜையில் நின்று எழுதலாம். பீரியடுக்கு ஒரு முறை நோட்டு அடுக்க, சாக்பீஸ் வாங்கி வர என்று ஏதாவது வேலை. சாரின் பொறுப்பு கேட். அன்று மாலையே அதற்குப் புதுத் தாழ்ப்பாள் வந்தது. ஒரு நோட்டில் நான் தினமும் ஒரு வரி எழுத வேண்டும், சுமதி வீட்டில் ஒரு வரி, மாதம் ஒரு முறை டாக்டர் பார்ப்பார்.

## நான் அடித்த நாள்

இதற்குப் பிறகு எல்லாம் நேராகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

முதல் வாரமே இரண்டு பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். "அவ மட்டும் ஏன் நின்னுக்கினு எழுதறா? எங்க பொண்ணும் நிக்கட்டுமா?" நிற்கட்டும் என்றேன். இரண்டு நாள் பத்துப் பேர் நின்று எழுதினார்கள். கால் வலித்ததும் அவரவர் இடத்துக்குப் போய்விட்டார்கள். நின்றது தேன்மொழி மட்டும்தான்.

அரையாண்டுத் தேர்வு முடிந்த வாரம் நான் அடித்தேன்.

திருத்திய அரையாண்டு விடைத்தாள்களை மேஜை மேல் அடுக்கியிருந்தேன். அவள் ஓடி வந்ததில் தண்ணீர் பாட்டில் சாய்ந்து எல்லாம் நனைந்தது. ஒரு கணம்தான். கன்னத்தில் அறைந்துவிட்டேன். அவள் அழவில்லை. என்னையே பார்த்தாள். "டீச்சர், நான் தொடைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் துடைக்கிற பெரிய மனுஷி மாதிரி, பாவாடை நுனியால் ஒவ்வொரு தாளாகத் துடைக்க ஆரம்பித்தாள்.

அன்று மாலை நோட்டில் எதை எழுதுவது? 'இன்று சுமார்' என்று எழுதி மறைத்திருக்கலாம். எழுதினேன்: "இன்று தேன்மொழியை நான் அடித்துவிட்டேன். அவள் வேண்டுமென்று செய்யவில்லை."

மறுநாள் கீழே சுமதியின் கோணல் எழுத்தில் ஒரு வரி இருந்தது. "பரவால்ல டீச்சர். நானும் நேத்து அடிச்சேன். எழுதல."

அந்த மாதம் டாக்டர் மாலதி அதைப் படித்திருக்கிறார். அதற்குக் கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தார்: "நாம எல்லாருமே கத்துக்கிட்டுதான் இருக்கோம். திரும்ப ஆரம்பிக்கலாம்."

நான் அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் அடிக்கவில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. அதற்கு முன்பு இருபத்தைந்து வருஷம் அடித்திருக்கிறேன்.

## தட்டில் மிச்சமான முட்டை

பொங்கலுக்குப் பிறகு டாக்டர் மாத்திரை ஆரம்பிக்கலாம் என்றார். அதைக் கேட்டு மேல்விஷாரத்திலிருந்து மூர்த்தி நேராகப் பள்ளிக்கே வந்துவிட்டார். கோபக்காரர் இல்லை, பயந்தவர்.

"மாத்திர குடுத்தா பொம்ம மாதிரி ஆய்டுவான்னு சொல்றாங்க டீச்சர். அவ ஓடறதப் பாக்கத்தான் நான் வாரத்துக்கு ஒரு தடவ வர்றேன்."

ஒன்று மட்டும் சொன்னேன். "தினம் நான் பாத்துக்கினு இருப்பேன். அப்டி ஏதாவது தெரிஞ்சா முதல் போன் உங்களுக்குத்தான்."

அவள் பொம்மையாகவில்லை. அதே குரல், அதே கேள்விகள். நாலாவது வரி சாயாமல் பத்தாவது வரி வரைக்கும் போனது, அவ்வளவுதான். ஆனால் இரண்டாவது வாரம் சத்துணவுத் தட்டில் முட்டை அப்படியே இருந்தது. முட்டையை விடுகிற பிள்ளையே இல்லை அவள். மறுநாளும் சாப்பாடு பாதி மிச்சம். நோட்டில் எழுதிக் காத்திருக்காமல் ரெஜினா சிஸ்டருக்கும் மூர்த்திக்கும் உடனே போன் செய்தேன். சிஸ்டர் டாக்டரிடம் பேசினார். காலையில் நன்றாகச் சாப்பிட வைத்த பிறகு மாத்திரை, அளவும் கொஞ்சம் கம்மி என்று மாற்றினார்கள். அடுத்த வாரம் முட்டை காலியானது. ஞாயிற்றுக்கிழமை எடை பார்க்கிற மிஷினில் அவளை ஏற்றிப் பார்த்துவிட்டு மூர்த்தி எனக்குப் போன் செய்தார். "ஏறியிருக்கு டீச்சர்" என்று மட்டும் சொன்னார்.

பள்ளியில் நான் பார்த்த முட்டையும், ஆஸ்பத்திரியில் எழுதிய மாத்திரைச் சீட்டும் ஒன்றை ஒன்று தெரிந்துகொள்ள முடியும் என்பதே எனக்கு அந்த வயதில் புதிய பாடம்.

## வெள்ளிக்கிழமை போன்

தேன்மொழி எங்கள் பள்ளியில் ஐந்தாவது முடித்து, பெரிய பள்ளிக்குப் போனாள். அங்கேயும் ஜோதி ஒரு முறை போய்ப் பேசிவிட்டு வந்தார். இப்போது பிளஸ் ஒன் படிக்கிறாள். கணக்கில் சுமார், வாயில் முதலிடம். எல்லா நாளும் நல்ல நாளாக இருப்பதில்லை என்று சுமதி சொல்கிறாள். இருந்தாலும் பள்ளிக்கூடம் என்றால் அவளுக்குப் பயம் இல்லை. எனக்கு அது போதும்.

நான் கடைசியாகச் சொல்ல நினைத்தது வேறொன்று. அந்த வருஷம் மாசி மாதம் நடந்தது.

ஐந்து நாற்காலிக் கூட்டத்தில் ஜோதி என்னிடம் இன்னொன்றும் கேட்டிருந்தார். வாரம் ஒரு முறை வீட்டுக்கு ஒரு நல்ல சேதி சொல்ல வேண்டும், நோட்டில் இல்லாமல் வாயால். நான் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இதற்கெல்லாம் போனா என்று கூச்சம்.

ஒரு வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் கம்பெனி ஆபீசுக்கு அடித்தேன். வரிசையில் உட்கார்ந்து தைக்கிறவர்கள் போன் வைத்துக்கொள்ள முடியாது. சூப்பர்வைசர் ஆபீஸ் செல்போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மிஷின்களின் இரைச்சல் கிட்ட வந்துகொண்டே இருந்தது. பிறகு சுமதியின் குரல், மூச்சு வாங்க.

"டீச்சர், இன்னா ஆச்சு? இதோ வர்றேன் டீச்சர், பர்மிஷன் சொல்லிட்டேன்."

"ஒண்ணும் ஆகல சுமதி."

"அடிபட்டுச்சா?"

"இல்லம்மா. நல்லா இருக்கா. இன்னிக்கு அஞ்சு கணக்கு குடுத்தேன். அஞ்சையும் ஒரே மூச்சுல முடிச்சுட்டு நோட்ட எடுத்தாந்து குடுத்தா. அஞ்சும் சரி. அதச் சொல்லத்தான் கூப்ட்டேன்."

"வேற டீச்சர்?"

"வேற ஒண்ணும் இல்ல."

"கம்ப்ளெய்ன்ட் இல்லியா?"

"இல்ல."

பக்கத்து மிஷின்காரி யாரோ கேட்பது காதில் விழுந்தது. "இன்னாடி, மறுபடியும் ஸ்கூல்ல கூப்புடறாங்களா? கெளம்பறியா?"

சுமதி போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டாள் போலிருக்கிறது. அத்தனை மிஷின் சத்தத்துக்கும் மேலே அவள் கத்தினாள்.

"இல்லக்கா! என் பொண்ணு அஞ்சு கணக்கும் சரியாப் போட்டுட்டாளாம்! டீச்சரே போன் பண்ணிச் சொல்றாங்க!"

யாரோ சிரித்தார்கள். யாரோ "அட, நம்ம தேனா?" என்றார்கள். சேதி அந்த வரிசையில் ஒரு மிஷினிலிருந்து அடுத்த மிஷினுக்குப் போவது எனக்குக் கேட்டது. போனை நிறுத்த அவள் மறந்துவிட்டாள். நானும் நிறுத்தவில்லை.